பற்றவைத்த எஃகுக் குழாய்களுக்குச் சுங்க வரிக் குறியீட்டைத் தீர்மானிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இறக்குமதி ஆவணங்கள் தயாரிக்கும் மேசைக்குப் புதிதாக வருபவர்கள், எஃகுக் குழாய்ச் சரக்கு ஒன்றின் இன்வாய்ஸ் கைக்கு வந்தவுடன் அதில் எழுதியிருக்கும் கிரேடைத்தான் முதலில் படிக்கிறார்கள். பிறகு அந்த உலோகத்தின் பெயர் வரி அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அட்டவணையின் 73-ஆம் அத்தியாயம் அந்த வரிசையில் கேள்வி கேட்பதில்லை. உலோகக் கலவை அங்கே கடைசிக் கேள்வி. பல குழாய்களுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. நான் திருத்தக் கொடுக்கப்பட்ட தவறுகளில் பெரும்பாலானவை, சரியான கேள்வியைத் தவறான இடத்தில் கேட்டதால் வந்தவை.

இந்த வழிகாட்டி இந்தியாவுக்குள் வரும் சரக்கை, அதாவது 1975-ஆம் ஆண்டின் சுங்க வரி அட்டவணைச் சட்டத்தின் முதல் அட்டவணையை, மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் ஹெச்எஸ் முறையை, அதாவது உலக சுங்க அமைப்பின் பொதுச் சரக்குக் குறியீட்டு முறையை, பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை என்பதால், 8-ஆம் படி வரையிலான பகுதி கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் போதாது. ஆலையின் சோதனைச் சான்றிதழ், அதாவது எல்லோரும் எம்டிசி என்று சொல்லும் தாள், ஒவ்வொரு உருக்கு எண்ணுக்கும், அதாவது உலையில் ஒரே முறையில் உருக்கிய எஃகுக்கு ஆலை தரும் ஹீட் நம்பருக்கும், தனித்தனியாக வேண்டும். ஒரே இன்வாய்ஸ் வரியில் மூன்று உருக்குகளின் குழாய்கள் கலந்து வருவது சாதாரணம். மூன்றின் கலவையும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, கொள்முதல் ஆணையில் குறிப்பிட்ட தர நிர்ணயம்: ஐஎஸ் 1239, ஐஎஸ் 3589, ஐஎஸ் 4923, ஏபிஐ 5எல், ஏஎஸ்டிஎம் ஏ53 போன்றவை. குழாய் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மூன்றாவது, உற்பத்தி முறையை ஆலையே எழுதிக் கொடுத்த ஒரு வரி. ஈஆர்டபிள்யூவா (மின்தடையின் வெப்பத்தால் பற்றவைத்தது), நீளவாட்டில் சப்மெர்ஜ்டு ஆர்க் முறையில் (பொடிக்கு அடியில் எரியும் மின்வில்லால்) பற்றவைத்ததா, சுருள்வாட்டிலா, பற்றவைத்த பிறகு குளிர் நிலையில் இழுத்ததா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். விற்பனையாளரின் மின்னஞ்சல் இதற்கு ஈடாகாது, ஏனெனில் இடையில் நிற்கும் வணிகர் குழாயைப் பார்த்திருக்கவே மாட்டார்.

நான்காவது, நடப்பு வரி அட்டவணையும், அதனுடன் 15-ஆம் பிரிவின் குறிப்புகளும், 72, 73 அத்தியாயங்களின் குறிப்புகளும். உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளும் அருகில் இருக்கட்டும். அவை சட்டம் அல்ல. ஆனால் ஹெச்எஸ் அமைப்பைத் தழுவிய அட்டவணைக்கு அவை நம்பகமான வழிகாட்டி என்று 1995-இல் வுட் கிராஃப்ட் புராடக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதால், அவற்றை மறுத்துப் பேசுவது எளிதல்ல.

இவை எல்லாம் கப்பல் புறப்படும் முன்பே வேண்டும். 73-ஆம் அத்தியாயச் சரக்குக்கு எஃகு இறக்குமதிக் கண்காணிப்பு அமைப்பில், அதாவது சிம்ஸில், முன்பதிவு செய்யும்போதே குறியீட்டைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு குறியீட்டையும் சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியில் வேறொரு குறியீட்டையும் எழுதினால், சரக்கு துறைமுகத்தில் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

2. கேள்விகளின் வரிசையை முதலில் எழுதி வைத்தல்

வரி அட்டவணையைப் படிப்பதற்கான பொது விளக்க விதிகளில் முதல் விதி, தலைப்பின் சொற்களையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும் கொண்டே 4 இலக்கத் தலைப்பைத் தீர்மானிக்கச் சொல்கிறது. ஆறாவது விதி, துணைத் தலைப்புகளை ஒரே மட்டத்தில் உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிடச் சொல்கிறது. அதாவது, அட்டவணையில் ஒற்றைக் கோடு போட்டவற்றுள் ஒன்றைத் தேர்ந்த பிறகே அதன் கீழுள்ள இரட்டைக் கோட்டுக்குப் போகலாம்.

இந்த இரண்டு விதிகளையும் குழாய்க்குப் பொருத்தினால் வரிசை இப்படி அமைகிறது: வெல்டிங் கோடு உண்டா, இது இன்னும் குழாய்தானா, வேறொரு பொருளாகிவிட்டதா, குறுக்குவெட்டு வட்டமா, வெளிவிட்டம் 406.4 மி.மீ.ஐத் தாண்டுகிறதா, எண்ணெய், எரிவாயு வகைக் குழாயா. அதற்குப் பிறகுதான், 7305-இல் வெல்டிங் முறையும் 7306-இல் உலோகக் கலவையும் வரும்.

3. வெல்டிங் கோடு உண்டா என்று உறுதிசெய்தல்

வார்ப்பிரும்புக் குழாய்கள் 7303-இல் போகும். குடிநீர்த் திட்டங்களுக்கு வரும் டக்டைல் அயர்ன் குழாய்களும் அங்கேதான். வார்ப்பிரும்பு அல்லாத இரும்பு அல்லது எஃகில் தையலே இல்லாமல், அதாவது இணைப்புக் கோடு எதுவும் இல்லாமல், செய்த குழாய்கள் 7304. மற்ற எஃகுக் குழாய்கள் 7305 அல்லது 7306. தலைப்பையே மாற்றிவிடும் கேள்வி என்பதால் இதை முதலில் முடிக்க வேண்டும். தையலற்ற குழாய்க்கும் பற்றவைத்த குழாய்க்கும் தனித்தனியே வணிகத் தீர்வு வரிகள், அதாவது நியாயமற்ற விலையிலோ மானியத்தோடோ வரும் சரக்கின்மீது போடும் கூடுதல் வரிகள், இருந்து வந்திருப்பதால், இங்கே நேரும் தவறு பணமாகவே வெளிப்படும்.

சாதாரண ஈஆர்டபிள்யூ குழாயில் சிக்கல் இல்லை. வெட்டிய முனைக்குள் விரலை விட்டு உட்சுவரைச் சுற்றித் தடவினால், ஓரிடத்தில் நகம் ஒரு மெல்லிய வரப்பில் இடறும். வெல்டிங்கின்போது உள்ளே பிதுங்கிய உலோகம் அது. வெளிப்புறத்தில் அதைச் சீவிவிடுவார்கள்; உட்புறத்தில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

சிக்கல் வருவது பற்றவைத்த பிறகு குளிர் நிலையில் இழுத்த குழாய்களில். சிடிடபிள்யூ, டிஓஎம் என்ற பெயர்களில் ஹைட்ராலிக் சிலிண்டருக்கும் வாகன உதிரிபாகங்களுக்கும் வரும் இவற்றில் உள் வரப்பு இருக்காது. உட்சுவர் கண்ணாடிபோல் இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் பேச்சுவாக்கில் இதை 'சீம்லெஸ்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போனதால் வெல்டிங் நடக்காமல் போய்விடவில்லை: பற்றவைத்து உருவாக்கிய குழாய், எத்தனை முறை இழுத்தாலும் 7306-ஐ விட்டு 7304-க்குப் போகாது.

ஐயம் இருந்தால் ஒரு வளையத்தை அறுத்து, முகத்தை நன்றாக மெருகேற்றி, ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் கரைசலைத் தடவச் சொல்லுங்கள். சாம்பல் நிற வளையத்தில் ஓரிடத்தில் மட்டும், சுவரின் குறுக்கே மணற்கடிகாரம் போல இடை சிறுத்த ஒரு நிழல் எழும்பினால் அது வெல்டிங்கின் வெப்பம் தொட்ட பகுதி. இழுத்த பிறகு நார்மலைசிங் செய்த, அதாவது மீண்டும் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட, குழாயில் இந்த நிழல் மங்கிவிடும் என்பதால், நிழல் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் தையலற்றது என்று முடிவு கட்டக் கூடாது. அப்போது ஆலையின் உற்பத்தி முறைக் கடிதமும் நுண்நோக்கிச் சோதனையும்தான் துணை.

4. இது இன்னும் குழாய்தானா என்று பார்த்தல்

குழாயின் மேல் செய்த வேலைகளில் பல, அதைக் குழாய் என்ற நிலையிலிருந்து வெளியே எடுப்பதில்லை. வளைத்தல், மரை வெட்டுதல், கப்ளிங் பொருத்துதல், துளையிடுதல், முனையை விரித்தல், ஃபிளாஞ்ச் பொருத்துதல், துத்தநாகம் பூசுதல் ஆகிய எல்லாவற்றுக்குப் பிறகும் அது 7305 அல்லது 7306-இல் இருக்கலாம் என்று விளக்கக் குறிப்புகள் ஏற்கின்றன. ஜிஐ பைப்புக்குத் தனித் தலைப்பு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐஎஸ் 1239 குழாய்களின் மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகளும் சுவரின் தடிமன் வகுப்பைத்தான் காட்டுகின்றன. 6 இலக்கம் வரை அவற்றால் எந்த மாற்றமும் இல்லை.

ஆனால் அந்த வேலைகளின் விளைவாக, அது இன்ன பொருள்தான் என்று பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடிய தனிப்பொருளாக மாறியிருந்தால், அந்தப் பொருளின் தலைப்புக்குப் போக வேண்டும். வாகனத்தின் எக்ஸாஸ்ட் பைப் 8708-க்கும், சாரம் கட்டுவதற்கெனவே கொக்கிகளும் தகடுகளும் பற்றவைத்த குழாய் 7308-க்கும் போகும். எந்த வேலையும் செய்யாத நேர் குழாயை, சாரத்துக்கு வாங்குகிறோம் என்ற காரணத்துக்காக மட்டும் 7308-இல் போட முடியாது. வாங்குபவரின் எண்ணத்தைவிடப் பொருளின் தற்போதைய நிலைதான் கணக்கு.

எல்போ, டீ, ஃபிளாஞ்ச் போன்ற இணைப்புகள் தனியாக வந்தால் 7307. அவை பாய்லருக்காக வந்தாலும் இயந்திரத்தின் பாகமாக 84-ஆம் அத்தியாயத்துக்குப் போகா, ஏனெனில் 15-ஆம் பிரிவின் 2-ஆம் குறிப்பு 7307-ஐப் பொதுப் பயன்பாட்டுப் பாகம் என்று வரையறுத்துவிட்டது. குழாயும் இணைப்பும் ஒரே பெட்டியில் வரும்போது, இன்வாய்ஸில் அவற்றைத் தனித்தனி வரிகளாகப் பிரித்து எழுதச் சொல்வது நல்லது.

வளையும் உலோகக் குழாய் 8307. உட்புறம் மின்காப்புப் பொருள் ஒட்டிய, மின்கம்பிகள் செல்லும் கண்டியூட் குழாய் 8547. காப்பு ஒட்டாத வெறும் எஃகுக் கண்டியூட் இதே 73-ஆம் அத்தியாயத்தில் தங்கும்.

5. குறுக்குவெட்டின் வடிவத்தைப் பதிவுசெய்தல்

7305-இன் தலைப்பு வட்டக் குறுக்குவெட்டு உள்ள குழாய்களை மட்டுமே பேசுகிறது. 7306-இன் தலைப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது 'மற்றவை' என்று தொடங்கி மிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொள்கிறது.

ஒருமுறை, என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் 450×450 மி.மீ. சதுரக் குழாய்களை 7305-இல் வைத்துவிட்டார். அளவு 406.4-ஐத் தாண்டிவிட்டது, வெல்டிங் இருக்கிறது, ஆகவே 7305 என்பது அவருடைய கணக்கு. கணக்கில் எண் சரி. ஆனால் எண்ணுக்கு முன்னால் நிற்கும் 'வட்டக் குறுக்குவெட்டு' என்ற சொல்லை அவர் படிக்கவில்லை. சதுரமோ செவ்வகமோ எவ்வளவு பெரிதானாலும் 7306.61-தான், நீள்வட்டம், அறுகோணம் போன்ற மற்ற வடிவங்கள் 7306.69.

பற்றவைக்காமல் தகட்டை உருட்டி விளிம்புகளைத் திறந்தபடி விட்ட குழாய்கள் 7306-இன் தலைப்பிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன, அவை 7306.90-க்குப் போகும். உட்புற வடிவமும் வெளிப்புற வடிவமும் ஒன்றாக இல்லாதவற்றை ஹெச்எஸ் குழாய் என்று சொல்லாமல் வெற்றுள் வடிவக் கம்பி என்று சொல்கிறது. பற்றவைத்தவற்றுள் இது அரிதாகவே வரும்.

6. வெளிவிட்டத்தை 406.4 மி.மீ.உடன் ஒப்பிடுதல்

406.4 என்பது 16 அங்குலம். தலைப்பின் சொல் '406.4-ஐத் தாண்டும்' என்பதாகும்; '406.4-உம் அதற்கு மேலும்' என்று அது சொல்லவில்லை. ஆகவே சரியாக 16 அங்குலக் குழாய் 7306-இல் நிற்கும். அடுத்த வழக்கமான அளவான 18 அங்குலம், அதாவது 457 மி.மீ., 7305-க்குப் போகும். ஒப்பந்தங்களில் மிக அதிகமாக வாங்கப்படும் பெரிய அளவுகளில் ஒன்று சரியாக இந்த எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், இந்த ஒரு சொல்லை இரண்டு முறை படிப்பது வீண் அல்ல.

நாமினல் போர், அதாவது என்பி, வெளிவிட்டம் அல்ல. என்பி 50 குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; என்பி 350-க்கு 355.6, என்பி 400-க்கு 406.4. இன்வாய்ஸில் 'என்பி 400' என்று மட்டும் இருந்தால், 400 என்பது 406.4-க்குக் குறைவு என்று நினைத்து 7306-இல் போடுபவர் தவறான வழியில் சரியான விடைக்கு வந்தவர். அடுத்த சரக்கில் அந்த வழி கைவிட்டுவிடும். ஒவ்வொரு வரியிலும் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

கிடங்கில் அளக்கும்போது குறுக்கே அளவுகோலை வைப்பதைவிடச் சுற்றளவை நாடாவால் அளப்பது நல்லது. பெரிய குழாய்கள் தம் எடையிலேயே சற்று நசுங்கி முட்டை வடிவம் கொள்ளும். குறுக்கே எடுத்த அளவு ஒவ்வொரு திசையிலும் மாறும், சுற்றளவு அதிகம் மாறாது. 406.4 மி.மீ. விட்டத்துக்கான சுற்றளவு 1276.7 மி.மீ. நாடா 1279 காட்டினால் விட்டம் 407.1 என்று ஆகிறது. அது 457 மி.மீ. குழாய் அல்ல, தர நிர்ணயம் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கும் 406.4 குழாய்தான் என்பதைக் காட்ட, அந்தத் தர நிர்ணயத்தின் அளவு அட்டவணைப் பக்கத்தை முன்கூட்டியே ஆவணங்களோடு இணைத்து வைப்பது என் வழக்கம். கேள்வி வந்த பிறகு தேடிக் கொடுக்கும் பக்கம் சாக்குப்போக்காகத் தோன்றும்.

வெளியே பாலிஎத்திலீன் பூச்சு உள்ள குழாய்களில், பூச்சைச் சேர்த்து அளந்தால் எல்லையைத் தாண்டிவிடலாம். எஃகின் விட்டத்தையும் பூச்சின் தடிமனையும் விவரிப்பில் தனித்தனியே எழுதிவிட்டால், எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற குழப்பம் எழாது.

7. எண்ணெய், எரிவாயு வகைக் குழாயா என்று தீர்மானித்தல்

இரண்டு தலைப்புகளிலும் முதல் ஒற்றைக் கோடு எண்ணெய், எரிவாயுக் குழாய்வழிகளுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த லைன் பைப்பைப் பற்றியது. அடுத்தது எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் வேலைக்கான கேசிங், அதாவது கிணற்றுச் சுவரைத் தாங்கும் குழாய்; 7306-இல் கேசிங்கோடு, கிணற்றிலிருந்து எண்ணெயை மேலே கொண்டுவரும் டியூபிங்கும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் கேள்வி கலவைக்கு முன்னால் வருவதால், ஏபிஐ 5எல் குழாயை உலோகத்தின் பெயரால் 7306.30-இல் வைப்பது ஆறாவது விதிக்கு முரணாகும்.

'பயன்படும் வகை' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். இந்தச் சரக்கு உண்மையில் எங்கே புதைக்கப்படும் என்று அட்டவணை கேட்கவில்லை; எந்த வகைப் பயனுக்காக இந்தக் குழாய் செய்யப்பட்டது என்று கேட்கிறது. ஏபிஐ 5எல் அல்லது ஐஎஸ்ஓ 3183 தரத்துக்குச் செய்து, சோதித்து, முத்திரையிட்ட குழாயை ஒரு சர்க்கரை ஆலை தண்ணீர்க் குழாயாகப் பயன்படுத்தினாலும் அதன் வகை மாறிவிடாது. கேசிங், டியூபிங் என்றால் ஏபிஐ 5சிடி என்ற முத்திரையைத் தேடுங்கள்.

வழுக்குமிடம், ஒரே குழாயில் ஏஎஸ்டிஎம் ஏ53 கிரேடு பி என்றும் ஏபிஐ 5எல் கிரேடு பி என்றும் இரட்டை முத்திரை இருப்பது. கையிருப்பு வைத்து விற்கும் வணிகர்களுக்கு இது வசதி. ஆவணம் எழுதுபவருக்குத் தலைவலி. குழாய் 5எல்-இன் சோதனைகளை நிறைவேற்றியதாகச் சான்றிதழ் சொன்னால், லைன் பைப் என்ற துணைத் தலைப்பிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. அதை விட்டு விலக விரும்புபவர், முத்திரை வெறும் வணிக வசதிக்கானது என்று நிறுவும் பொறுப்பைத் தாமே சுமக்கிறார்.

8. வெல்டிங் முறையும் உலோகக் கலவையும்

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

7305-க்கு வந்திருந்தால் கேட்க வேண்டியது வெல்டிங் முறை. லைன் பைப்பில், நீளவாட்டில் சப்மெர்ஜ்டு ஆர்க் முறையில் பற்றவைத்தது 7305.11, நீளவாட்டில் வேறு முறையில், உதாரணமாக ஈஆர்டபிள்யூ முறையில் பற்றவைத்தது 7305.12, சுருள்வாட்டில் பற்றவைத்தது 7305.19. கேசிங் 7305.20. மற்ற குழாய்களில் நீளவாட்டு வெல்டிங் என்றால் 7305.31, சுருள் வெல்டிங் போன்றவை 7305.39. நகரக் குடிநீர்த் திட்டத்துக்கு வரும் பெரிய சுருள் குழாய்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில் சேரும். இந்த 6 இலக்கங்களில் எங்கேயும் உலோகக் கலவை கேட்கப்படுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

7306-இல் லைன் பைப்புக்கும் கேசிங்குக்கும் ஒரே ஒரு கலவைக் கேள்விதான்: துருப்பிடிக்காத எஃகா, இல்லையா. 7306.11-உம் 7306.21-உம் துருப்பிடிக்காத எஃகு, 7306.19-உம் 7306.29-உம் மற்றவை. மூன்று வழிக் கேள்வி வருவது வட்டக் குறுக்குவெட்டுள்ள மற்ற பற்றவைத்த குழாய்களுக்கு மட்டும்: கலப்பில்லாத எஃகு 7306.30, துருப்பிடிக்காத எஃகு 7306.40, மற்ற கலப்பு எஃகு 7306.50. கிரில் வேலைக்கு வரும் 304 கிரேடு சதுரக் குழாயை 7306.40-இல் போடுவது நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. சதுரம் என்ற உடனேயே அது 7306.61-க்குப் போய்விட்டது, அங்கே கிரேடை யாரும் கேட்கவில்லை.

கலவையின் எல்லைகள் 72-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பில் இருக்கின்றன. கார்பன் 1.2 சதவீதமோ அதற்குக் குறைவோ, குரோமியம் 10.5 சதவீதமோ அதற்கு அதிகமோ இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. அது அல்லாதவற்றில், பட்டியலிலுள்ள தனிமங்களுள் ஏதேனும் ஒன்று தன் எல்லையைத் தொட்டாலே போதும், அது மற்ற கலப்பு எஃகு: மாங்கனீசு 1.65, சிலிக்கன் 0.6, தாமிரம் 0.4, குரோமியம் 0.3, நிக்கல் 0.3, அலுமினியம் 0.3, வனேடியம் 0.1, மாலிப்டினம் 0.08, நியோபியம் 0.06, டைட்டானியம் 0.05, போரான் 0.0008 சதவீதம். பட்டியல் இன்னும் நீளும். முழுவதையும் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

இவற்றுள் ஆளைக் கவிழ்ப்பது போரான். சீன ஆலைகள் சில ஆண்டுகள் ஏற்றுமதி வரித் தள்ளுபடிக்காகவே எஃகில் துளியளவு போரானைச் சேர்த்து அதைக் கலப்பு எஃகாக்கி வந்தன. 2015 ஜனவரி முதல் போரான் சேர்த்த எஃகுக்கு அந்தத் தள்ளுபடி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு குரோமியத்தை 0.3-க்குச் சற்று மேலே ஏற்றும் வழக்கம் வந்தது. பெயரளவில் சாதாரண எஃகாக வாங்கிய சுருளில் செய்த குழாய், சட்டப்படி கலப்பு எஃகுக் குழாயாக இருக்கலாம் என்பதற்கு இது போதுமான காரணம்.

சான்றிதழைப் படிக்கும் முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பல ஆலைகள் தனிமத்தின் தலைப்புக்குக் கீழே பெருக்கெண்ணைப் போட்டு, கட்டத்தில் முழு எண்ணை மட்டும் அச்சிடுகின்றன. கார்பன் என்பதன் கீழ் ×100, கட்டத்தில் 17. மாங்கனீசு ×100, 48. போரான் ×10000, 9. அவற்றின் பொருள் கார்பன் 0.17, மாங்கனீசு 0.48, போரான் 0.0009 சதவீதம். கடைசி எண் எல்லையைத் தாண்டிவிட்டது. மற்ற எல்லாம் மிகச் சாதாரணமான மென்னெஃகுபோல் இருந்தாலும், வட்டக் குழாயானால் இது 7306.50. சில சான்றிதழ்களில் போரான் கட்டமே இருக்காது. கட்டம் இல்லாததைப் போரான் இல்லாததாக எடுத்துக்கொள்ளாமல், ஆலையிடம் எழுதிக் கேட்டுப் பெறுவதே முறை.

9. 6 இலக்கத்திலிருந்து 8 இலக்கத்துக்கும் அதோடு ஒட்டி வருபவற்றுக்கும் செல்லுதல்

கடைசி 2 இலக்கங்கள் இந்தியாவின் சொந்தப் பிரிவுகள். நிதிச் சட்டங்கள் அவற்றை அவ்வப்போது மாற்றுகின்றன. ஆகவே கடந்த ஆண்டின் கோப்பிலிருந்து 8 இலக்கத்தை நகலெடுக்காமல், நடப்பு அட்டவணையில் படிக்க வேண்டும். விற்பனையாளரின் இன்வாய்ஸில் உள்ள 10 இலக்க எண்ணில் முதல் ஆறு மட்டுமே நமக்கு ஏதேனும் சொல்லக்கூடும். அதுவும் அவர் சரியாகச் செய்திருந்தால்.

குறியீடு முடிவான பிறகு நான்கு விஷயங்களைச் சரிபார்க்கலாம். ஒன்று, வணிகத் தீர்வு வரி. சீனா, வியட்நாம் நாடுகளிலிருந்து வரும் பற்றவைத்த துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள்மீது 2019 செப்டம்பரில் எதிரீட்டு வரி (ஏற்றுமதி நாட்டின் மானியத்தை ஈடுகட்டும் வரி) விதிக்கப்பட்டது போன்ற அறிவிக்கைகளின் இன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். இத்தகைய விசாரணைகளின் முடிவுகளில் சுங்கக் குறியீடு அடையாளத்துக்கு மட்டுமே என்றும் பொருளின் விவரிப்பே அளவுகோல் என்றும் எழுதுவது வழக்கம். குறியீட்டை நகர்த்தி வரியிலிருந்து தப்பலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயச் சான்று இந்தக் குழாய்க்கு உண்டா என்பது. மூன்றாவது, சிம்ஸ் பதிவு. நான்காவது, வரிச் சலுகை ஒப்பந்தத்தின்கீழ் வரும் மூலச் சான்றிதழ், அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் தாள். கொரியாவிலிருந்து வந்த சான்றிதழில் 7306.30 என்றும் நம் பில் ஆஃப் என்ட்ரியில் 7306.50 என்றும் இருந்தால், சலுகை கேள்விக்குள்ளாகும். 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள, சலுகை ஒப்பந்தங்களில் மூல நாட்டைச் சரிபார்க்கும் கரோட்டார் விதிகளின்படி இறக்குமதியாளரிடமே மூல விவரங்கள் இருக்க வேண்டும் என்பதால், இந்த முரண்பாட்டைச் சரக்கு ஏறும் முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.

10. விவரிப்பை எழுதுதல்

சென்னையிலும் பெங்களூரிலும் 2020 ஜூன் 8-இல் தொடங்கி நாடு முழுவதும் பரவிய முகமற்ற மதிப்பீட்டு முறையில், நம் பில் ஆஃப் என்ட்ரியைப் பார்க்கும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது. ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்துக்குக் குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு போய் நேரில் விளக்கும் காலம் போய்விட்டது. விவரிப்பு தானே பேச வேண்டும்.

'எம்எஸ் பைப்' என்ற இரண்டு சொல் விவரிப்பு வினாவைக் கூப்பிட்டு வரவழைக்கும். முன்பு எழுதிய கேள்விகளுக்கான விடைகளை அதே வரிசையில் எழுதினால் போதும்: 'ஈஆர்டபிள்யூ முறையில் பற்றவைத்த எஃகுக் குழாய், வட்டக் குறுக்குவெட்டு, வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 3.6 மி.மீ., ஐஎஸ் 1239, துத்தநாகம் பூசியது, கலப்பில்லாத எஃகு, எண்ணெய் எரிவாயுப் பயன்பாட்டுக்கான வகை அல்ல'. இதைப் படிக்கும் அதிகாரி அட்டவணையைத் திறந்து அதே படிகளில் இறங்கி அதே இடத்துக்கு வந்து சேர்வார். ஆவணத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்த வரிசை மாறக் கூடாது.

11. ஐயம் தீராதபோது

2011 முதல் சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி இறக்குமதியாளரே தம் வரியை மதிப்பிடுகிறார்; குறியீட்டின் முதல் பொறுப்பு அவருடையது. தவறால் குறைந்த வரியை 28-ஆம் பிரிவின்கீழ் சாதாரணமாக 2 ஆண்டுகளுக்குள்ளும், மறைப்போ வேண்டுமென்றே செய்த தவறான கூற்றோ இருந்தால் 5 ஆண்டுகளுக்குள்ளும் கேட்கலாம். அதோடு ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேரும். முழு விவரிப்பை எழுதியவருக்கும் அரைகுறையாக எழுதியவருக்கும் இடையே உள்ள பணக் கணக்கு இந்த 2-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கிறது.

ஒரே குழாயைத் தொடர்ந்து இறக்கப் போகிறீர்கள் என்றால், முன்தீர்ப்பு ஆணையத்திடம் 28ஹெச் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் 2021 ஜனவரி முதல் இந்த ஆணையங்கள் இயங்குகின்றன. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், தீர்ப்புக்குச் சட்டம் தரும் அவகாசம் 3 மாதம். ஒற்றைச் சரக்குக்கு இது பயன்படாது. துறைமுகத்தில் 3 மாத வாடகை யாராலும் தாங்க முடியாதது.

அந்த நிலையில், சோதனை முடிவு வரும் வரை 18-ஆம் பிரிவின்கீழ் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரமும் உத்தரவாதமும் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடலாம். அப்படிச் செய்யும்போது, அதிகாரியின் முன்னிலையில் அறுத்த மாதிரி வளையத்தின் மறுபாதியை முத்திரையோடு கேட்டு வாங்கி, உருக்கு எண்ணை அதில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வகத்துக்குப் போன பாதியின் முடிவைப் பின்னால் எதிர்க்க வேண்டி வந்தால், நம் கையில் இருக்கும் சான்று அந்த எஃகு வளையம் ஒன்றுதான்.